பதினோரு பேர் போய் ஒரு பாட்டில்

அக்காவுக்குப் பெரும்பாடு, மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டு இருந்தது ஏழெட்டு மாதமாக எனக்கே தெரியாது. இத்தனைக்கும் இருவரும் ஒரே கம்பெனி. வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் காகிதக் குழாய் உருட்டினாள், நான் ஆபீசில் உட்கார்ந்து ஆள் வருகை எழுதினேன். ஒருநாள் குழாய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். விருதுநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"ஆறு பாயிண்ட் ரத்தம்தான் இருக்கு. இதை வச்சுக்கிட்டு கத்தியைத் தொட முடியாது. ரெண்டு பாட்டில் ஏத்தணும். ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க, எந்த குரூப்பா இருந்தாலும் சரி. அவங்க கொடுக்கிறதை வாங்கி வச்சுக்கிட்டு, உங்க அக்கா குரூப்பை நாங்க கொடுப்போம்."

ரெண்டு ஆள்தானே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் ஆம்பளைகளுக்கா பஞ்சம்?

முதலில் தம்பியிடம் போனேன். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மெஷினில் நிற்பவன். காலண்டர் ஆர்டர் குவிந்திருக்கிறது, ரத்தம் கொடுத்துவிட்டு மெஷினில் நிற்க முடியாது என்றான். ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். அப்புறம்தான் உண்மையைச் சொன்னான்.

"பொண்ணு பார்த்துட்டு இருக்காகள்லக்கா. ஆஸ்பத்திரில படுத்திருந்தேன்னு யாராச்சும் போய்ச் சொன்னா சீக்காளின்னு நினைச்சுருவாக."

"ஏலே, உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ அங்க கெடக்காலே."

"மச்சானைக் கேளேன். அவர் பொண்டாட்டிதானே?"

மச்சான் என்றால் அக்கா புருஷன். எனக்கு அத்தான். லாரி செட்டில் பட்டாசுப் பெட்டி ஏற்றுகிறவர். ஆள் தேக்கு மரம் மாதிரி இருப்பார். அவரிடம் போனால், சீசன் நேரத்தில் ஒருநாள் லோடு விட்டால் ஆளையே மாற்றிவிடுவார்கள் என்றார். அடுத்த நாள் போனேன். ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று செட்டில் யாரோ சொன்னதாகச் சொன்னார். நான் கொழுந்தியாள், என்னிடம் போய் இதைச் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட இல்லை.

அவருடைய அண்ணன் கழுத்தில் மாலையைத் தூக்கிக் காட்டினார். "இருக்கன்குடி ஆத்தாவுக்கு விரதம் இருக்கேன். ஒடம்புல ஊசி படக்கூடாதும்மா."

"ஆத்தா வந்து சொன்னாளா உங்ககிட்ட?" என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. அதுவும் ஒரு வசதியாகப் போயிற்று அவருக்கு.

இப்படியே மூன்று நாள் போனது. ஆஸ்பத்திரியில் அம்மா அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் போகிறபோதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நாலாம் நாள் மத்தியானம் இடி இறங்க ஆரம்பித்தது. மின்னல் வெட்டினால் பட்டாசுக் கம்பெனியில் யாரும் உட்காரக்கூடாது. வேலையை நிறுத்திப் பொம்பளைகளை வேனில் ஏற்றினார்கள். நானும் ஏறினேன். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழாய் உருட்டுகிற விதவைப் பெண் ஒருத்தி கேட்டாள், "அக்கா எப்படி இருக்காக? ரத்தம் கிடைச்சுச்சா?" நான் மூன்று நாள் கதையையும் கொட்டினேன்.

கேட்டு முடித்ததும் அவள் டிரைவர் பக்கம் திரும்பி, "அண்ணே, வண்டியை விருதுநகருக்கு விடுங்க" என்றாள்.

"டீசலுக்கு முதலாளிகிட்ட யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றேன். சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் ரத்த வங்கிக்குள் நுழைந்தோம். தலையெல்லாம் மழைத் தண்ணீர், பலருக்கு நகக்கண்ணில் வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்துப் பொடி. அங்கே ரத்தம் எடுக்கிற தம்பிக்கு முப்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் ஏதோ வெடி விபத்து என்று எழுந்து நின்றுவிட்டார். ரத்தம் கொடுக்க வந்திருக்கிறோம் என்றதும் நம்பாமல், "எல்லாருமா?" என்று கேட்டார்.

எடை மிஷினில் ஏற்றினார். நாற்பத்தஞ்சு கிலோ இல்லை என்று இரண்டு பேரை இறக்கிவிட்டார். ஒருத்தி கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள், ஒருத்தி வீட்டுக்குத் தூரம், அவர்களும் ஆகாது. மீதி ஏழு பேர். விரலைப் பஞ்சால் துடைத்தபோது பஞ்சு சாம்பல் நிறமானது. குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து நீல நிறத் தண்ணீரில் விட்டார். சொட்டு கீழே போய்ப் படிந்தால் உடம்பில் ரத்தம் இருக்கிறது என்று அர்த்தம். மிதந்தால் இல்லை.

முதல் ஆளுக்கு மிதந்தது. இரண்டாவது ஆளுக்கும் மிதந்தது. மூன்றாவது ஆள் அந்தக் கிளாசைப் பார்த்து, "முங்குடி, முங்கு" என்று சொட்டோடு பேசினாள். அதுவும் முங்கவில்லை. நான் ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், எனக்காவது முங்கும் என்று நினைத்தேன். பாதி வரைக்கும் போய்த் திரும்பி மேலே வந்தது. அந்தத் தண்ணீரைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

"நீங்க கொடுக்க வந்தவங்க இல்லம்மா, ஏத்திக்கிட்டுப் போக வேண்டியவங்க" என்றார் அந்தத் தம்பி. கேலி செய்யவில்லை, அவருக்கே அலுத்துப்போய்த்தான் சொன்னார். "வீட்டுல ஆம்பளைங்க இல்லையா?"

அடுத்தவள் விரலை நீட்டினாள்.

ஏழு பேரில் ஒருத்திக்குத்தான் சொட்டு முங்கியது. வண்டியைத் திருப்பச் சொன்னாளே, அவளுக்கு. படுத்துக் கொடுத்தாள். மற்ற பொம்பளைகள் வராந்தாவில் உட்கார்ந்து, குத்திய விரலைப் பார்த்தபடி இருந்தார்கள். "அப்போ நம்ம ஒடம்புல என்னதான்டி ஓடுது?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது வேன் நேராக லாரி செட்டில் போய் நின்றது. யார் நிறுத்தச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. ரத்தம் கொடுத்தவள், முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சோடு இறங்கி, பெட்டி தூக்கிக்கொண்டிருந்த அத்தான் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு பாட்டில் நான் கொடுத்துட்டேன். நான் அவுகளுக்குச் சொந்தமா, பந்தமா? இன்னொரு பாட்டில் வேணும். நாளைக்குக் காலையில நீங்க வாரீகளா, இல்ல இந்த செட்டுல நிக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்கவா?"

பெட்டி தூக்கியவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அத்தான் பெட்டியைக் கீழே வைத்து, "வாரேன், சத்தம் போடாதீக" என்றார்.

வந்தார். ஊசியைக் கண்டதும் அந்தத் தேக்கு மரம் மயங்கி விழுந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பி, கண்ணை மூடச் சொல்லி எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா பிழைத்தாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு உண்மையான தலைவலி. அத்தான் ஊரெல்லாம், "என் ரத்தம்தான் அவ ஒடம்புல ஓடுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சண்டை வந்தால் அக்காவிடமே சொல்வார். "அத்தான், உங்க ரத்தம் வேற யாருக்கோ போயிருச்சு. உங்க குரூப் வேற, அக்கா குரூப் வேற" என்று எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! "அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் சும்மா சொல்றது" என்பார்.

அடுத்த வருஷம் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டது. அத்தானைக் கேட்டேன்.

"அதான் ஒருதடவை கொடுத்தாச்சுல்ல?"

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். சேலையை மாற்றிக்கொண்டு, "வா, நான் கொடுக்கேன்" என்று என்னோடு கிளம்பினாள். ஆபரேஷன் செய்து ரத்தம் ஏற்றிக்கொண்டவள், அவளிடம் வாங்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பஸ் கிளம்புகிறபோது, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்து அத்தான் படியில் தொற்றினார். விருதுநகர் வரைக்கும் எங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே வந்தார். ரத்தம் கொடுத்தார், இந்தத் தடவை மயங்கவில்லை. வெளியே வந்து, "எம்புட்டுப் பேருக்குடி நான் ஒருத்தனே கொடுக்கிறது?" என்று கேட்டார்.

நான் போய் பஸ்ஸுக்கு இடம் பிடித்தேன்.