கூட்டமாய் நின்றால் சாகாத கிருமி

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் மல்வேர்னில் அன்ரனெற் என்றால் கோயில் பாடகர் குழுவில் நிற்பவர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அவர் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கிருமிகொல்லி ஒன்றை ஆக்கிக்கொண்டிருந்தவர் என்பது அவருடைய செத்தவீட்டுக்கு வந்த பலருக்கு அங்கேதான் தெரியவந்தது.

அது பெப்டைட் எனப்படும் சிறு புரதத் துண்டு. பற்றீரியாவின் மேலுறையில் ஒட்டி, துளைத்துக் கொல்லும். பல வருட உழைப்பு.

ஒரு பெரிய வெள்ளியன்று, பற்றீரியாவைக் குழாயில் வளரவிட்டுவிட்டுத் கோயிலில் தமிழ் வழிபாட்டுக்குப் போனார். சிலுவைப்பாதை நீண்டுபோனது. முடிந்ததும் நழுவப் பார்த்தவரை, கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த மரியம்மா அன்ரி பிடித்துக்கொண்டார்.

"கஞ்சி குடியாமல் போறியே பிள்ளை? உன்ர கிருமியள் எங்கை ஓடப்போகுது?"

ஓடவில்லை, பெருகிவிட்டன. திரும்பி வந்தபோது குழாய் வெண்மையாய்க் கலங்கியிருந்தது. அவசரத்தில் பற்றீரியாவின் அடர்த்தியை அளக்காமலே வழமையான அளவு பெப்டைட் மருந்தை விட்டார். மறுநாள் பார்த்தால் பற்றீரியா உயிரோடிருந்தது.

"அக்கா, உந்த பெப்டைட் பழுதாப் போச்சு. ப்ரொஜெக்டை குளோஸ் பண்ணப் போகினமாம்," என்றான் கூட வேலை செய்த அன்ட்ரூ.

வாய் திறக்காவிட்டால் பெப்டைட் குப்பைக்குப் போகும். திறந்தால் தன் கவனக்குறைவு வெளியே வரும். ஆய்வுகூடக் கூட்டத்தில் அன்ரனெற் எழுந்து, அளக்காமல் விட்டது தான்தான் என்றார். இன்னொரு முறை சோதிக்க அனுமதி கேட்டார்.

அதே மருந்து, அதே அளவு. பற்றீரியா குறைவாக, ஐதாக இருந்த குழாயில் எல்லாம் செத்தன. அடர்ந்திருந்த குழாயில் மிஞ்சின. அந்தக் குழாயின் நீரில் மருந்தைத் தேடினார். அநேகமாக ஒன்றும் இல்லை. முதலில் செத்தவற்றின் உடல்களே அதை உறிஞ்சி வைத்திருந்தன.

"அப்ப செத்ததுகள் மற்றதுகளைக் காப்பாத்திப்போட்டுதுகளே!" அன்ட்ரூவால் நம்பமுடியவில்லை.

"ஓமடா. எத்தினை பேர் சாப்பாட்டுக்கு எண்டு தெரியாமல் ஆரும் அரிசி போடுவினமோ?"

வேலை நிற்கவில்லை. கட்டுரை வெளியானபோது அவர் பெயர் முதலில் இருந்தது. அளக்காமல் விட்ட குழாயில்தான் இது முதலில் தென்பட்டது என்று அதில் எழுதியிருந்தார். அச்சுக்குப் போகுமுன், அந்த வசனம் தேவையா என்று ஆய்வுகூடத் தலைவர் கேட்டாராம். தேவை என்றார் அன்ரனெற். இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது.