அராபா தரையில் உட்கார்ந்தாள்

அராபாவைத் தேடி வருகிறவர்கள் முதலில் ஆள் நிற்கிற உயரத்தில்தான் தேடுவார்கள். "யாரு, உள்ள யாருமில்லையா?" என்று குரல் கொடுத்துவிட்டு, பதில் தங்கள் முழங்காலுக்குக் கீழேயிருந்து வருவதைக் கேட்டுத் திடுக்கிட்டுக் குனிவார்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கால்களையும் அகல நீட்டி, தரையோடு தரையாக அவள் உட்கார்ந்திருப்பாள். கால்களுக்கு நடுவே ஒரு குழந்தை, முதுகை அவள் நெஞ்சில் சாய்த்தபடி. குழந்தையின் தாடையை அவளுடைய இடது கை ஏந்தியிருக்கும். வலது கையில் கரண்டி.

கேப் கோஸ்டுக்குக் கிழக்கே, கடல் சாலையை நெருங்கி வந்து மனம் மாறித் திரும்பிப் போகிற இடத்தில் இருக்கிறது எசாம்பா என்ற மீனவர் ஊர். அங்கே பழைய வலைக்கொட்டகை ஒன்றில்தான் அவள் பிள்ளைகளை வைத்திருந்தாள். கழுத்து நிற்காத பிள்ளைகள், கால் பின்னிக்கொண்ட பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள். விடிந்ததும் தாய்மார்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கரைக்குப் போவார்கள். படகுகள் வந்து, மீன் விற்று, கை கழுவிய பிறகு வந்து தூக்கிப் போவார்கள். சிலர் அன்றைக்கு வரமாட்டார்கள். சிலர் வரவே இல்லை.

முதலில் வந்தவன் ஃபீஃபி. அப்போது அராபா மீன் புகைபோடுகிறவள். பக்கத்து அடுப்புக்காரி பெற்ற பிள்ளை அவன். கையும் காலும் ஈரத்துணியை முறுக்கியதுபோல் இருந்தன. "இது கடல் பிள்ளை. தெரியாம நம்ம கரைக்கு வந்துருச்சு. திருப்பிக் குடுத்துரணும்" என்று கரையில் பேசிக்கொண்டார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. உரக்கப் பேசாததுதான் அராபாவுக்குப் பயத்தைக் கொடுத்தது. புகையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"கடல் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். இங்க குடுங்க அவனை" என்றாள்.

கடல் கேட்கவில்லை. ஆனால் பசி கேட்டது. ஃபீஃபிக்கு ஊட்டுவது என்பது காத்திருப்பது. நீர்க்கச் செய்த சோளக்கஞ்சியைக் கரண்டி நுனியில் எடுத்து உதட்டில் வைக்க வேண்டும். அவன் நாக்கு அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். விழுங்குவதற்கு முன் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடும். அது அடங்கும்வரை அவனைத் தன் உடம்போடு அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். உதவிக்கு வந்த பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஊட்டிப் பார்த்தார்கள், வழுக்கி விழுந்தான். படுக்கவைத்து ஊட்டினார்கள், புரையேறி நீலமானான். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் கல்யாணமாகி தேமாவுக்கோ அக்ராவுக்கோ போய்விடுவார்கள். தரை மட்டும் எங்கும் போகவில்லை, அராபாவும் போகவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் மான்சாவின் கெங்கே கடை. புளித்த சோளமாவை உருட்டி, மட்டையில் சுற்றி, அவித்து விற்பாள். கடைக்குள் நடக்கும்போதும் தலைக்குமேல் யாரோ பட்டுக்குடை பிடித்து வருவதுபோல் நடப்பாள். மத்தியானம் ஆனால் ஒரு பாத்திரம் நிறைய கெங்கே கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைப்பாள்.

"கட்டு அவுந்து போனது. விக்காது. நாய்க்குப் போடறதுக்கு உன் பிள்ளைங்களுக்குப் போடலாம்னு கொண்டாந்தேன். தர்மம் கிர்மம்னு நெனச்சிக்காத."

நல்ல உருண்டைகளை அவளே உட்கார்ந்து கட்டவிழ்ப்பதை அராபா பலமுறை பார்த்திருக்கிறாள். பார்த்ததாகச் சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் நானாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஊர்த்தலைவர் நானா நல்ல மனிதர். பக்கத்து ஊர்களில் எல்லாம் ஊருக்கு உழைத்த பெண்ணுக்கு 'வளர்ச்சி ராணி' என்று ஒரு பட்டம் கொடுக்கிறார்கள், நம் ஊரில் அதற்குத் தகுதியானவள் வலைக்கொட்டகையில் இருக்கிறாளே என்று நினைத்தார். திருவிழாவில் அராபாவுக்கு முடிசூட்டுவது என்று சபை முடிவு செய்தது.

பட்டம் என்றால் சும்மா இல்லை. ராணியானவள் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. தலையில் சுமை தூக்கக்கூடாது. நாலு பேர் பார்க்கச் சாப்பிடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் தரையில் உட்காரவே கூடாது. மண்ணில் உடம்பு பட்டால் ஊருக்கே தீட்டு. ஆடு வெட்டித்தான் கழிக்க வேண்டும். அதோடு, அரண்மனைக் கிழவி வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து வந்து கையில் பூசிவிட்டால் தீர்ந்தது. பிறகு மறுப்பவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்.

செய்தி சொல்ல ஒக்கியாமே பைடூ வந்தார். ஒக்கியாமே என்றால் தலைவரின் வாய். நானாவிடம் யாரும் நேராகப் பேசிவிட முடியாது. நானாவும் யாரிடமும் நேராகப் பேசமாட்டார். நடுவில் தங்கப்பூண் கோலோடு பைடூ நிற்பார். அவர் காதில் போவது கல். வாயில் வருவது கற்கண்டு. 'இந்தக் கிழவன் என் நிலத்தைத் தின்னுட்டான்' என்று ஒருவன் கத்தினால், 'நானா, தங்கள் நிழலில் இன்னும் கொஞ்சம் இடம் கேட்கிறான் உங்கள் பிள்ளை' என்பார். அது பொய் இல்லை, அவருடைய தொழில்.

"பெரியவரே, எனக்கு வேண்டாம்" என்றாள் அராபா. "நான் நாற்காலியில ஏறி உக்காந்துட்டா இவனுக்கு யாரு ஊட்டுவா? வேண்டவே வேண்டாம்னு நானாகிட்ட சொல்லிருங்க."

பைடூ தலையசைத்தார். அரண்மனைக்குப் போய், "நானா, இத்தனை பெரிய கனத்துக்குத் தன் கழுத்து தகுமா என்று அந்தப் பெண் நாணுகிறாள். அப்போதும் குழந்தைகளின் நினைவே அவள் நாவில் முதலில் வந்தது" என்றார்.

நானாவின் கண் கலங்கியதாம். நல்ல குடும்பத்துப் பெண் இப்படித்தானே பேசுவாள்! உடனே ஆடு வாங்கப்பட்டது. பட்டுத்துணிக்குச் சொல்லி அனுப்பினார்கள். வானொலியிலும் சொல்லிவிட்டார்கள்.

வானொலியைக் கேட்டுவிட்டு மான்சா சாலையைக் கடந்து ஓடிவந்தாள்.

"ஏண்டி, ஊமக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு! என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? நாளைக்குக் காலையில அரண்மனைக்கு வரணுமாம். களிமண் பூசப் போறாங்களாம்."

"நான் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேனே."

"யாருகிட்ட?"

"பைடூகிட்ட."

மான்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த மனுசன்கிட்டயா? என் அம்மா செத்தப்ப, 'சமையல் கட்டுல இருந்து இளைப்பாறப் போயிருக்கா'ன்னு சொல்லி, நானா ஒரு வாரம் கழிச்சு அம்மாவ நலம் விசாரிச்சாருடி!"

அராபா சிரிக்கவில்லை. ஃபீஃபியின் தாடையைத் துடைத்தாள்.

அவளும் கல் இல்லை. 'உன் உடம்பு முழுக்க மீன்புகை. இப்ப ஊரார் பிள்ளைங்க எச்சிலும் சேர்ந்துருச்சு' என்று சொல்லிவிட்டுப் போன புருஷன் தக்கோராடியில் இருக்கிறான். அங்கேயும் வானொலி இருக்கிறது. அவன் ஏதாவது கடைவாசலில் நின்று அவள் பெயரைக் கேட்டிருப்பானோ? அந்த நினைப்பைக் கஞ்சி ஆறும்வரை அவள் வைத்திருந்தாள். வாயில் வெல்லம் கரைகிற மாதிரி இருந்தது. கஞ்சி ஆறியதும் கரண்டியை எடுத்தாள்.

மறுநாள் ஃபீஃபியை முதுகில் கட்டிக்கொண்டு, கஞ்சிப் பாத்திரத்தோடு அரண்மனைக்குப் போனாள். மான்சா இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு பின்னால் வந்தாள். கேட்டதற்கு, "உனக்குத் துணைக்கு" என்றாள்.

முற்றத்தில் குடைக்கடியில் நானா. இருபுறமும் மூத்தவர்கள். ஓரத்தில் கிழவி, மடியில் களிமண் கிண்ணம்.

"ஒக்கியாமே, நானாகிட்ட சொல்லுங்க. எனக்குப் பட்டம் வேண்டாம்."

பைடூ திரும்பினார். "நானா, தங்கள் கருணையின் கனத்தில் அவளுக்குச் சொல் தடுமாறுகிறது."

நானா புன்னகைத்தார்.

"தடுமாறல! வேண்டாம்னு சொல்றேன்."

"நானா, அவள் பணிவுக்கு எல்லையே இல்லை."

கிழவி எழுந்தாள். இரண்டு விரல்களில் களிமண் வெள்ளையாக வழிந்தது. அராபா ஓரடி பின்வாங்கினாள். முதுகில் ஃபீஃபி முனகத் தொடங்கினான். அவனுடைய பசி முனகல் அவளுக்குத் தெரியும். சற்று விட்டால் அது அழுகையாகும். அழுகை வந்தால் உடம்பு விறைக்கும். விறைத்துவிட்டால் அன்றைக்கு ஒரு வாய் இறங்காது.

அவள் முதுகுக் கட்டை அவிழ்த்தாள். அத்தனை பேர் நடுவே, நானாவின் எதிரே, மண்தரையில் பொத்தென்று உட்கார்ந்து கால்களை அகல நீட்டினாள். ஃபீஃபியை நெஞ்சில் சாய்த்துத் தாடையைப் பிடித்தாள். கரண்டியை எடுத்தாள்.

கிழவி நின்றுவிட்டாள். மண்ணில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படிப் பூசுவது?

எல்லோரும் பைடூவைப் பார்த்தார்கள். பைடூ வாயைத் திறந்தார். மூடினார். கோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். இதை எப்படி மெருகேற்றுவது?

ஒரு வாய். நடுக்கம். காத்திருப்பு. விழுங்கல். மறுபடியும் ஒரு வாய். மூத்தவர் ஒருவர் இருமி, மற்றவர்கள் முறைத்ததும் அடங்கினார். நானா முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். நிழல் சுவரை விட்டு இறங்கிக் குடையின் காலைத் தொட்டது. பாத்திரத்தில் இன்னும் பாதி இருந்தது.

"எப்பவும் இவ்வளவு நேரமா ஆகும்?" என்றார் நானா. நேராக அவளிடமே கேட்டார். முற்றம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது.

"இன்னைக்குச் சீக்கிரம், நானா. வேடிக்கை பார்க்க ஆள் இருக்கிற குஷி அவனுக்கு."

நானா சிரித்தார். பிறகு கவலையோடு சொன்னார்: "ஆடு வாங்கியாச்சேம்மா. ரேடியோல சொல்லியாச்சு. இப்ப ராணி இல்லன்னா பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பானே."

"ராணி வேணும்னா அதோ நிக்கிறா" என்று அராபா கரண்டியால் காட்டினாள். "இந்தப் பிள்ளைங்க சாப்பிடறது அவ கெங்கே. நல்ல உருண்டையத் தானே அவுத்துட்டு, அவுந்து போச்சும்பா. நடையப் பாருங்க, நேத்தே முடிசூட்டின மாதிரி இருக்கு. அவ வாயத் திறந்தா படகுக்காரங்க நடுங்குவாங்க. படகுக்கு ஒரு கை மீன் பிள்ளைங்களுக்குன்னு அவளால வாங்க முடியும். என்னால முடியாது."

மான்சாவின் முகம் வெந்த நண்டு போலாயிற்று. "பொய் சொல்றா, நானா! நான் எங்க அவுத்தேன்?" என்றவள், கையை மட்டும் களிமண் கிண்ணம் இருக்கும் பக்கம் தன்னையறியாமல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

திருவிழாவன்று மான்சா ராணியாகிக் குடைக்கடியில் போனாள். படகுக்கு ஒரு கை மீன் என்ற அவள் கட்டளை முதல் வாரமே நடப்புக்கு வந்தது. பைடூவே கோலோடு கரையில் நின்று, 'கடல் தாய் தன் பிள்ளைகளுக்கு அனுப்பிய பங்கு' என்று சொல்லி வாங்கினார். வானொலியில் 'கடல் பிள்ளைகளின் அன்னை மான்சா ராணி' என்றார்கள். அராபாவின் பெயர் வரவில்லை. அதைக் கேட்ட அன்று அவளுக்குள் எங்கோ மீன்முள் குத்தியதுபோல் இருந்தது. அன்றைக்குக் குழம்பில் மீன் இருந்தது. முள் பொறுக்கிக் கசக்கிக் கஞ்சியில் கலந்தாள். ஃபீஃபி முதல் வாயிலேயே கண்ணை அகல விரித்தான்.

ஒரு மத்தியானம் கொட்டகையின் பின்கதவு மெல்லத் திறந்தது. பட்டுத்துணி, கழுத்து நிறைய மணி, காலில் பெரிய செருப்பு. மான்சா உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

"கெங்கே ஏதாவது இருக்காடி? காலையிலேருந்து கூட்டம். நாலு பேர் முன்னாடி ஒரு வாய் திங்க விடமாட்டேங்குறானுங்க. பசி உயிரு போகுது."

"ராணியம்மா நின்னுக்கிட்டேவா சாப்பிடுவீங்க?"

"வாய மூடு. எல்லாம் தெரிஞ்சுதானே என்ன மாட்டிவிட்ட?" மான்சா வாய் நிறைய மென்றபடி சுவரில் சாய்ந்தாள், சறுக்கி உட்காரப் போனவள் நினைவு வந்து நிமிர்ந்தாள். "முட்டி வலிக்குதுடி."

ஃபீஃபிக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரித்தால் உடம்பெல்லாம் குலுங்கும், கஞ்சி வெளியே வந்துவிடும்.

"அவனச் சிரிக்க வைக்காத, அந்தப் பக்கம் திரும்பித் தின்னு" என்றாள் அராபா. அவன் தாடையைத் துடைத்துவிட்டு, அடுத்த வாய்க்குக் காத்திருந்தாள்.