இரண்டடியில் தண்ணீர்

மார்கழி பிறந்து நான்காம் நாள், காலை ஐந்தே முக்கால் மணிக்கு, சாலை கிளை பிரியும் வீரபாண்டிப் பிரிவில் வந்து நின்றேன். பஸ் ஆறு மணிக்கு என்றார்கள். ஆறு இருபதுக்கு வந்தது. அதற்குள் என் தங்கையின் கணவர் சென்னியப்பன் தான் வாங்கப்போகும் நிலத்தைப் பற்றி ஒன்பது தடவை சொல்லிவிட்டார். ஒன்பது தடவையும் ஒரே வாக்கியம்தான்.

"ரெண்டடியில தண்ணி நிக்குது மச்சான்!"

இந்த வாக்கியம் எங்கள் பக்கத்து மனிதரை என்ன பாடு படுத்தும் என்பது வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. வீரபாண்டியில் சென்னியப்பனுடைய கிணறு அறுபத்து நான்கு அடி ஆழம். பாறையை உடைத்து உடைத்து மூன்று தலைமுறையாக இறக்கியது. சித்திரையில் ஒரு மணி நேரம் இறைத்தால் வாளி பாறையில் இடிக்கும். பக்கத்தில் சாயப்பட்டறை வைத்திருப்பவர், அந்தக் கிணற்றையும் அதைச் சுற்றியுள்ள நான்கு ஏக்கரையும் விலைக்குக் கேட்கிறார். அதை அவருக்கு விற்று, உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் காட்டை ஒட்டிய எட்டு ஏக்கர் பட்டா நிலம் வாங்குவது என்று சென்னியப்பன் தீர்மானித்துவிட்டார். அன்று மாலைக்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டுமாம்.

முதல் நாள் என் தங்கை வள்ளியம்மா என்னைத் தனியே அழைத்து, "நீங்க ஒருக்கா பாத்துப்போட்டு வாங்கண்ணா. இதை வித்துப்போட்டா மறுக்கா இந்த மண்ணுல கால் வெக்க முடியாதுங்க" என்றாள். அதனால்தான் அறுபத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, எனக்கு இந்தப் பயணம்.

பஸ்ஸில் கால் நீட்ட இடமில்லை. என் இருக்கைக்குக் கீழே இரண்டு மூட்டை, முன்னால் ஒரு மூட்டை. மூன்றும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வியாபாரி பாயுடையவை. திருப்பூர்ப் பனியனை உடுமலைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுபவராம்.

"பெரியவரே, காலைத் தூக்கி மூட்டை மேல வெச்சுக்கங்க. பூராவும் பனியன்தானுங்க. மெத்தை மாதிரி இருக்கும்."

"நாளைக்கு ஒருத்தர் உடுத்தற துணிமேல நான் செருப்புக் காலை வைக்கறதா?"

"கட்டின மூட்டைங்க. பனியனுக்கு யார் காலுன்னு தெரியவா போகுது?"

நான் வைக்கவில்லை. வைக்காததால் பல்லடம் வரை முழங்கால் மரத்துப் போனது. பாய் சென்னியப்பனிடம் எங்கே பயணம் என்று கேட்டதுதான் தப்பு. பத்தாவது தடவையாக அந்த வாக்கியம் வந்தது.

"ரெண்டடியிலயா?" என்றார் பாய். "அப்ப மாடு கட்டி எறைக்கற கவலை, கயிறு ஒண்ணும் வேண்டாமே! ஒரு கரண்டி வாங்கி வெச்சா வெள்ளாமை பண்ணிரலாமுங்க!"

பஸ்ஸே சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தார். சிரிக்காதவன் நான் ஒருவன்தான்.

வீரபாண்டியிலிருந்து உடுமலைக்கு டிக்கெட் ஒரு ரூபாய் இருபது நயா பைசா. இந்தக் கட்டணத்துக்கு ஜன்னல் மூடவாவது மூடலாம், மூடவில்லை. எட்டே முக்காலுக்கு உடுமலை. அங்கே காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. பிறகு அமராவதி அணைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ஒரு பிரிவில் இறங்கினோம். தரகர் குப்பணன் மாட்டுவண்டியோடு காத்திருந்தார். வாய் நிறைய வெற்றிலை, தலையில் உருமால்.

"வாங்க சாமி, வாங்க! மச்சானும் வந்துட்டாங்களா? நல்லதாப் போச்சு. பெரியவங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதுங்க."

வண்டி மூன்று மைல். கடைசி அரை மைல் வண்டி போகாது என்று இறக்கிவிட்டார். ஏன் போகாது என்று கேட்டேன். "சக்கரம் எறங்கீருங்க" என்றார். எட்டு ஏக்கரில் விளைந்ததை எதில் ஏற்றிக்கொண்டு வருவது என்று கேட்டேன். அவர் உருமாலைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.

அந்த மண்ணை வாசகர்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். எங்கள் செம்மண்ணையும் சுக்கான் கல்லையும் மட்டும் பார்த்துப் பழகியவனுக்கு அது வேறு உலகம். மேலே நாலு விரற்கடை தடிப்புக்கு இலைச் சருகு. மட்கியதும் இல்லை, காய்ந்ததும் இல்லை. ஊறிப்போய், புளித்த மாவு வாடை. அதைக் காலால் ஒதுக்கினால் கையகலக் கறுப்பு மண். அதற்குக் கீழே சுத்த மணல். ஆற்று மணலின் மஞ்சள் அல்ல. சாம்பல் நிறம், கழுவிக் கழுவிச் சத்தெல்லாம் போன வெளுப்பு. அதில் அங்கங்கே துருப்பிடித்த ஆணியைப் புதைத்து வைத்ததுபோல் செம்புள்ளிகள். மணல் என்றால் தண்ணீர் இறங்கிப் போக வேண்டும் அல்லவா? இங்கே இறங்கவில்லை. மழை விட்டுப் பன்னிரண்டு நாளாகியும் ஒவ்வோர் அடிக்கும் கால் சளக் சளக் என்றது. ஓர் இடத்தில் கணுக்கால் வரை புதைந்தேன். காலை இழுத்தேன், கால் வந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து துழாவினேன். அது போன இடம்கூடத் தெரியாமல் மூடிக்கொண்டது. நாலு மாதம்கூட ஆகாத செருப்பு.

"பாத்தீங்களா மச்சான் ஈரத்தை!" என்றார் சென்னியப்பன், எனக்கு வரம் கிடைத்ததுபோல.

ஒற்றைச் செருப்போடு குடையை ஊன்றி நடந்தேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். குடை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. பிடி வரை போய், டக்கென்று நிற்கிறது. பத்தடி தள்ளிக் குத்தினேன். அதே ஆழம், அதே டக். இருபது இடத்தில் குத்தினேன். மணலுக்கு அடியில் யாரோ காரை போட்டுத் தளம் இட்டதுபோல் இருந்தது.

மரங்களும் எனக்குப் பிடிக்கவில்லை. உயரம் இருந்தது, பருமன் இல்லை. பாதிக்குமேல் சாய்ந்து நின்றன. விழுந்து கிடந்தவற்றை எண்ணினேன், பதினேழு. பதினேழின் வேரும் சாப்பாட்டுத் தட்டுப் போலத் தட்டையாகப் பரந்திருந்தது. கீழ்நோக்கிப் போன வேர் ஒன்றுகூட இல்லை.

"மாப்ள, இந்த வேரைப் பாருங்க. எறங்கலையே. நீங்க தென்னை வெச்சா அது மட்டும் எறங்கீருமா?"

"காட்டு மரம் சோம்பேறிங்க மச்சான். தண்ணி மேலயே கெடைக்குது, அது எதுக்கு எறங்கோணும்?"

தரகர் பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினொன்றரைக்கு அந்தக் குழிக்கு வந்தோம். தரகர் ஆள் வைத்து வெட்டியது. மூன்றடி ஆழம், அடியில் ஓரடிக்குத் தண்ணீர் தெளிவாக நின்றது. சென்னியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குழியில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அறுபத்து நான்கு அடியில் சேற்றை வழித்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று.

எங்கள் பக்கத்தில் நிலம் வாங்கப் போகிறவர் கிணற்றில் நிற்கும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. இறைத்துக் காலியாக்கி, ஊற்று எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்றுதான் பார்ப்பார். இதைச் சென்னியப்பன்தான் ஊருக்கெல்லாம் சொல்வார்.

"எறைச்சுப் பாருங்க மாப்ள."

"நேரம் ஆகுதுங்க சாமி, ஊட்டுல சமைச்சு வெச்சிருக்குது" என்றார் தரகர்.

"சோறு ஆறுனாப் பரவால்லீங்க" என்றேன்.

குடிப்பதற்காகக் கொண்டுவந்த அனுப்பர்பாளையத்துப் பித்தளைச் செம்பால் சென்னியப்பன் இறைத்தார். குழி காலியானது. பக்கச் சுவரின் மணலிலிருந்து தண்ணீர் வியர்வை போலக் கசிந்து வழிந்தது. அடியிலிருந்து ஒரு சொட்டு எழவில்லை. குழியின் அடி, சாம்பலும் காவியும் கலந்து இறுகிய களிமண். விரல் நகத்தால் கீறியும் கீறல் விழவில்லை.

சென்னியப்பன் முகத்தில் முதல் தடவையாகச் சந்தேகம். ஆனால் அவர் கொங்கு நாட்டுக் கிணற்றுக்காரர் அல்லவா? தண்ணீர் வரவில்லை என்றால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"அடியில ஊத்து அடைச்சுட்டு நிக்குதுங்க. பாறைய ஒடச்சாத்தான தண்ணி. குழி வெட்டுனவங்க போட்டுட்டுப் போன அந்தக் கடப்பாரைய எடுங்க."

"வேண்டாஞ் சாமி, குழி பாழாயிரும்" என்று தரகர் சொன்னதை அவர் கேட்கவில்லை. குழியில் மறுபடி அரையடித் தண்ணீர் சேர்ந்திருந்தது. அதற்குள் நின்றுகொண்டே ஓங்கி ஓங்கிக் குத்தினார். பதினான்காவது குத்தில் கடப்பாரை பொசுக்கென்று உள்ளே போனது.

"வந்துருச்சு!" என்று கத்தினார்.

வரவில்லை. போனது. கடப்பாரையை உருவிய ஓட்டையில் தண்ணீர் கொளக் கொளக் என்று சுழித்துக்கொண்டு இறங்கியது. சென்னியப்பன் முதலில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பிறகு இடுப்புத் துண்டை அவிழ்த்து ஓட்டையில் திணித்தார்.

"அடைக்க ஏதாச்சும் குடுங்க மச்சான்! போகுதுங்க, போகுது!"

துண்டையும் சேர்த்து உள்ளே இழுத்தது. சுவரில் கசிந்து வந்ததும் நேராக அதே ஓட்டைக்குள் போயிற்று. கடப்பாரையின் நுனியை நான் தொட்டுப் பார்த்தேன். ஒட்டியிருந்தது பொடிக்கல் மண்; தளத்துக்கு அடியில் ஊற்று இல்லை, வறண்ட பொடிக்கல்தான். தளத்துக்கு மேலே மழைத் தண்ணீர் தேங்கி நின்றது, அவ்வளவுதான். மழை பெய்யும்வரை பயிரின் வேர் அழுகும், வெயில் வந்தால் நாலு வாரத்தில் நிலம் சுடுமணலாகும்.

தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வேற எடத்துல வெட்டிப் பாக்கலாமுங்களா?" என்றார். சென்னியப்பன் குழியை விட்டு ஏறினார். அவருக்குக் கை கொடுத்தது நான்தான்; அவர் பிடித்து ஏறியதில் என் தோளிலும் அரைப் பிடி மணல்.

திரும்பும் பஸ்ஸில் குடிமங்கலம் வரை அவர் நகத்தில் அடைந்த சாம்பல் களிமண்ணைச் சுரண்டிக்கொண்டே வந்தார். பதினோராவது தடவை அந்த வாக்கியம் வராதா என்று எனக்கே இருந்தது. வீரபாண்டியில் இறங்கும்போது மணி ஐந்தேகால். அவர் வீட்டுக்குள் போகாமல் நேரே கிணற்று மேட்டுக்குப் போனார். எட்டிப் பார்த்தார். மார்கழியில் இருபதடித் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டுதான் இருக்கும்.

"மச்சான், இங்க அடிய ஒடச்சா தண்ணி மேல வரும். இல்லாட்டி வராது. ஆனா இருக்கறது கீழ போகாதுங்க."

"அதுக்கு?"

"தையில ஆறடி எறக்கோணும். பட்டறைக்காரர்கிட்ட இல்லைன்னு நானே போய்ச் சொல்லிப்போடறேன்."

ஆறடிப் பாறை உடைக்க எத்தனை ஆள், எத்தனை வெடி, வந்தாலும் எவ்வளவு வரும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடை நுனியில் காய்ந்திருந்த சாம்பல் மண்ணைக் கல்லில் தட்டினேன், உதிரவில்லை.

வள்ளியம்மா கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, ஒத்தச் செருப்பு எங்கீங்க?"

"உங்க எட்டு ஏக்கருக்கு முன்பணமாக் குடுத்துட்டு வந்தேன் கண்ணு" என்றேன்.