வடைமாலை போட்ட நாய்

"நாய் முழுக் கறுப்புதானே சிஸ்டர்? எங்கயும் வெள்ள இல்லையே?"

தொலைபேசியில் அந்த மனிதர் இப்படிக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நாய்க்கு என்ன வயது, என்ன சாப்பிடும், என்ன நோய் என்று எதையும் அவர் கேட்கவில்லை. நிறத்தைத்தான் கேட்டார். நானோ, பரவாயில்லையே, முகநூலில் போட்ட படத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாரே என்று பூரித்துப்போனேன். இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த நாயை நான் முதலில் பார்த்தது புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறம். மகளை ரயிலேற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். ஏர்கோனிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்திருந்த வாளிக்குள் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு கோப்பை டீயை முடிக்கும் வரை அது தலையை எடுக்கவே இல்லை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. கழுத்தில் பழைய தோல்பட்டை ஒன்று. யாரோ வளர்த்திருக்கிறார்கள், நோய் என்று தெரிந்ததும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பட்டையைக்கூடக் கழற்ற நேரமில்லாத அவசரம் அவர்களுக்கு.

நான் வேலை பார்ப்பது அலோர் காஜாவில். அங்கேயே ஒரு நாய் டாக்டரிடம் கொண்டுபோனேன். சீனப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, நீரிழிவை "இனிப்பு நீர்" என்று நம் ஆட்கள் சொல்வதையே தமிழில் சொன்னார். மனிதருக்கு வருவது போலவேதான். காலை ஏழு மணிக்கு ஓர் ஊசி, மாலை ஏழு மணிக்கு ஓர் ஊசி, ஊசிக்கு முன்னால் அளவான சாப்பாடு, இனிப்பு அறவே கூடாது. இப்படிப் பார்த்துக்கொண்டால் பல வருடம் இருக்கும், ஊசியை நிறுத்தினால் சில நாள்தான் என்றார். கண்களில் ஏற்கெனவே லேசாகப் பால் படர ஆரம்பித்திருந்தது.

நான் இருப்பது புக்கிட் பெருவாங்கில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. அங்கே நாய் வளர்க்கக் கூடாது. ஒரு வாரம் மறைத்து வைத்தேன். அது ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை, பாவம். ஆனாலும் நிர்வாகக் குழுவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதக் கடைசிக்குள் நாயை அப்புறப்படுத்தாவிட்டால் பிடித்துக்கொண்டு போக ஆளை அழைப்பார்களாம். அப்படிப் பிடித்துக்கொண்டு போகிற கிழட்டு நோயாளி நாயை யாரும் தேடிப் போய் மீட்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும், கடிதம் எழுதியவருக்கும் தெரியும். விட மனம் வராது என்று பயந்து நான் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.

வீடு தேடி முகநூலில் படம் போட்டேன். வந்த அழைப்புகளைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். குட்டி போடுமா என்றார் ஒருவர். திருடனைப் பிடிக்குமா என்றார் இன்னொருவர். "ஒரு நாளைக்கு ஊசி போடலன்னா என்னாவும்லா?" என்று கேட்ட ஒரு பெண்ணிடம், செத்தாலும் சாகலாம் என்றேன். "ஓ, அப்படியா" என்று போனை வைத்துவிட்டார். கோயிலில் அன்னதானத்துக்குப் பெயர் கொடுக்க முந்தும் ஜனம் இது.

உருப்படியாகப் பேசியவர் ஒரே ஒருவர்தான். புலாவ் செபாங் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்து வீடொன்றில் இருக்கும் பழைய லாரி டிரைவர். "எனக்கும் ரெண்டு வேள ஊசிதாம்மா. அதுக்கும் சேத்துப் போட்டுர வேண்டியதுதான்" என்றார். சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். பலகை வீடு. வேலி இல்லை. மனைவி இறந்து, தனி ஆள். இனிப்பு நீரில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். துணிக்கட்டோடு செருப்பு மாட்டிக்கொண்டு எனக்காக மைலோ கலக்கினார். ஐஸ்பெட்டியைத் திறந்து, தன் மருந்து இருக்கும் தட்டைக் காட்டி, பக்கத்தில் இன்னொரு புட்டிக்கு இடம் ஒதுக்கி வைத்திருப்பதையும் காட்டினார்.

நான் எதைப் பார்த்தேன்? காலைப் பார்த்தேன். வேலி இல்லாத வாசலைப் பார்த்தேன். இந்த மனிதரை யார் பார்த்துக்கொள்வது, இவர் நாயை எங்கே பார்ப்பது என்று கணக்குப் போட்டேன்.

"சரிண்ணே, நான் சொல்றேன்" என்றேன்.

பெண் பார்க்க வந்து, கேசரியும் சாப்பிட்டுவிட்டு, பிடிக்காத குடும்பத்தார் படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போவார்களே, அந்தச் 'சொல்றோம்'தான் இது. எனக்கும் அப்படி இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்கள். எப்படி வலிக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அடுத்த வாரம்தான் அந்த நிறம் கேட்ட மனிதர் அழைத்தார். கார் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பொத்தானை அழுத்தினால் கேட் தானாகத் திறந்தது. நாய்க்கென்று வராந்தாவில் மின்விசிறியே மாட்டியிருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். அவருடைய மனைவிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன். கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து அழகாகவே போட்டார். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்று எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, நல்ல இடத்தில் கொடுத்துவிட்டோம் என்று கொஞ்சம் அழவும் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து, அலுவலகத்தில் பசியாறிக்கொண்டிருந்தபோது அந்த மனைவி வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினார். கீழே கும்பிடும் கைகள் மூன்று. படத்தில் என் நாய். நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் வடைமாலை. முன்னால் வாழையிலையில் ஒரு குன்று சர்க்கரைப் பொங்கல். 'இன்று தேய்பிறை அஷ்டமி' என்று எழுதியிருந்தார்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். கேட் தானாகத் திறந்தது. வராந்தாவில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, நாய் வாந்திக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. மாலையில் பாதி வடைகள் இன்னும் கழுத்தில் இருந்தன. குனிந்து மோந்தேன். வாயில் அழுகிய பழ வாடை. அப்படி வாடை வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வா என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"பொங்கலா குடுத்தீங்க?"

"சாமி பிரசாதம்தானே சிஸ்டர், ஒண்ணும் பண்ணாது. வைரவர் வாகனமாச்சே" என்றார் அந்த அம்மா. குரலில் துளி பயம் இல்லை.

"காலையில ஊசி போட்டீங்களா?"

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தொண்டையைச் செருமினார். "இன்னைக்கி விசேஷம் இல்லையா. விரதம் புடிச்ச நாளுலேர்ந்து போடல. சாமி வாகனத்தப் போயி ஊசியால குத்தலாமா? சோசியரும் ரத்தம் வரக் கூடாதுன்னுட்டாரு."

"எத்தன நாளு?"

"மூணு நாளுதான்."

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அவருக்கு அஷ்டமத்துச் சனியாம். கடையில் ஒன்று மாற்றி ஒன்று தொல்லையாம். புள்ளி இல்லாத கறுப்பு நாயை வீட்டில் வைத்து ஒவ்வொரு அஷ்டமிக்கும் பூசை பண்ணினால் சனி இறங்கிவிடும் என்று ஒரு சோசியர் சொல்லியிருக்கிறார். அதனால் கோழி இறைச்சியையும் நிறுத்தி, மூன்று வாரமாக அதற்குத் தயிர்சோறும் வாழைப்பழமும்தான். நான் ஒட்டிய காகிதத்தின் மேல், சோசியர் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஒட்டியிருந்தார்கள்.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். வைரவருக்கு வடைமாலை நானும் சாத்தியிருக்கிறேன். ஆனால் உயிரோடு மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் ஒன்றுக்கு மாலை போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அதற்கு உயிர் கொடுக்கிற மருந்தை நிறுத்தத் தெரிந்த பக்தி எனக்கு வேண்டாம். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். வடைகளைப் பிய்த்து அவர்களுடைய பளபளக்கும் தரையில் போட்டேன். நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சந்தனம் என் சட்டையெல்லாம் அப்பியது.

டாக்டரிடம் நான்கு நாள் டிரிப்ஸில் கிடந்தது. இரண்டாம் நாள் அந்த மனிதர் அழைத்தார். மனம் மாறியிருப்பார் என்று எடுத்தேன்.

"சிஸ்டர், அதுக்கு ஒண்ணும் ஆயிடலையே? நம்ம கையால செத்தா தோஷம் டபுளாயிடுமாம்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்குத் தெரிஞ்சு வேற கறுப்பு நாயி இருக்கா? நோயி இல்லாததா?"

என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் இருந்த டாக்டருக்கு அவ்வளவு தமிழ் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

நாய் பிழைத்தது. கண்கள்தான் முழுசாக வெள்ளையாகிவிட்டன. மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. இனி யாரிடம் போவது என்று யோசித்தபோது, அத்தனை நாளும் நான் யோசிக்க மறுத்த முகம் ஒன்றுதான் மிஞ்சியது.

தோட்டத்துக்குப் போகும் செம்மண் சாலை முழுக்க, மன்னிப்பாக ஏதாவது நல்ல வாக்கியம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டே ஓட்டினேன். திருப்பத்தில் கார் தானாக மெதுவானது. வீடு மாறிப்போயிருந்தது. பழைய தகரங்களையும் செம்பனை மட்டைகளையும் கம்பியால் கட்டி, வாசலைச் சுற்றி இடுப்பளவுக்கு வேலி எழும்பியிருந்தது. அந்தக் காலோடு அவர் ஒற்றை ஆளாகக் கட்டியிருக்கிறார். படிக்குப் பக்கத்தில் ஒரு சாக்குப் படுக்கை. ஒரு தண்ணீர்ச் சட்டி, தண்ணீரோடு.

"இது எப்பண்ணே கட்டினீங்க?" என்றேன்.

"நீங்க வந்துட்டுப் போனீங்கள்ல, அதுக்கு மறுநாளு ஆரம்பிச்சேன். வேலி இல்லன்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க" என்றார். "சொல்றேன்னீங்க. அதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஐந்து வாரம். தினமும் அந்தச் சட்டியில் தண்ணீர் மாற்றியிருக்கிறார். சோசியர் பேச்சைக் கேட்டு நாயை எடுத்தவர் மேல் நான் கொட்டிய கோபம் முழுவதும் திரும்பி என் மேலேயே விழுந்தது. அவர் நிறத்தைப் பார்த்தார், நான் கேட்டைப் பார்த்தேன். இதில் யார் ஒசத்தி?

நாயைக் கீழே இறக்கினேன். கண் தெரியாமல், மூக்கை நீட்டிக்கொண்டு மெல்ல நடந்து, அவருடைய கட்டுப் போட்ட காலில் முட்டி நின்றது. அவர் குனிந்து அதன் நெற்றியைத் தடவினார். கழுவியும் போகாத குங்குமம் கொஞ்சம் அவர் விரலில் ஒட்டியது. அது என்னவென்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யாரையும் திட்டவில்லை. ஈரத்துணி எடுத்துவந்து அந்த நெற்றியைத் துடைத்தார்.

ஏழு மணிக்கு முதலில் அதற்குச் சோறும் கோழியும் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் ஊசி போட்டார். அது அசையவே இல்லை. பிறகு தன் சட்டையைத் தூக்கி வயிற்றில் தனக்குப் போட்டுக்கொண்டு, "ஸ்ஸ்" என்றார். "நீதான் புள்ள கெட்டிக்காரி" என்றார் அதனிடம்.

நான் கிளம்பினேன். வேலிக் கதவைத் திறந்துவிட வந்தார்.

"வந்து பாக்குறேண்ணே. எப்பன்னு சொல்றேன்" என்றேன், பழக்க தோஷத்தில்.

அவர் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"சொல்லவெல்லாம் வேணாம்மா. வாங்க, போதும்."