எடை குறைந்தவர் முன்னால்

என் தங்கைக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. சுங்காய் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் குழாயடிதான். அப்படிப்பட்டவள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அக்கா, கோலா செபெத்தாங்குல கயாக் ஓட்டலாமாம். ஆத்துச் சேத்துல வளர்ற பாக்காவ் மரக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க, போலாம்லா" என்றபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கீமோ போட்ட உடம்புடீ உன்னுது. கவுந்துச்சுன்னா யாரு தூக்குறது?" என்று கத்தினேன். டாக்டரிடம் கேட்டாயிற்று, மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாதாம் என்றாள்.

கத்தினேனே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் வாயைத் திறந்து ஒன்று கேட்கிறாளே! அவள் போகக் கேட்டது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை அடுத்த கீமோ. இந்த ஆசையைத் தீர்த்துவைத்தால் முரண்டு பிடிக்காமல் வருவாள் என்று நினைத்தேன். போன தடவை முடிந்து வந்ததும் "போதும்க்கா" என்று ஆரம்பித்தாள். மேலே பேச விட்டால்தானே? சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, வேனைக் கிளப்பி, ஈப்போவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைக்கிறவள் நான். வீட்டில் பிடிக்காத பேச்சு வந்தால் எனக்கு வேன் இருக்கிறது.

ஞாயிறு காலை வானம் மூடிக் கிடந்தது. கோலா செபெத்தாங் படகுத்துறையில் கரிச்சூளைப் புகை நாற்றமும் சேற்று நாற்றமும் கலந்து அடித்தன. எங்களைக் கூட்டிப் போக வந்தவர் நரைத்த மீசை வைத்த மலாய்க்காரர். இரண்டு பேர் உட்காரும் கயாக்கைத் தண்ணீரில் இறக்கிவிட்டு எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். எடை குறைந்தவர் முன்னால், கனமானவர் பின்னால் என்று மலாயில் சொன்னார். நான் பழக்கதோஷத்தில் முன்னிருக்கைக்குக் காலைத் தூக்கினேன். எங்கள் வீட்டில் ஒல்லி நான்தானே. குண்டு குண்டு என்று நான் கேலி செய்தே வளர்ந்தவள் அவள்.

"நீங்க இல்ல கக்காக், அவங்க" என்று மலாயில் என்னை அக்கா போட்டுவிட்டு என் தங்கையைக் கைகாட்டினார் மனுஷன்.

தினமும் அவளைக் குளிப்பாட்டுகிறவள் நான், முதுகெலும்பை எண்ணிவிடலாம் போல இருப்பதைப் பார்க்கிறவள். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் ஒரே பார்வையில் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக்கொண்டே இருந்தாள். கடைசி வரை இழுத்தும் அது தொளதொளவென்றே கிடந்தது.

அவர் தனிக் கயாக்கில் முன்னே போக, நாங்கள் பின்னால் போனோம். முன்னால் இருப்பவர் துடுப்புப் போடுவதைப் பார்த்துப் பின்னால் இருப்பவர் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். என்னால் அது முடிகிற காரியமா? அவள் ஒரு தடவை போடுவதற்குள் நான் மூன்று போட்டேன். துடுப்பும் துடுப்பும் மோதிக்கொண்டன. பால் குறைந்த தேத்தண்ணி நிறத்தில் ஆறு. இரண்டு பக்கமும் பாக்காவ் மரங்கள் வேர்களைச் சேற்றில் ஊன்றி நின்றன. சத்தமே இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை அந்த இடம்.

ஆறு கொஞ்சம் அகலமான இடத்தில் அவள் துடுப்பை மடியில் வைத்துவிட்டாள்.

"அக்கா, நாளைக்கு நான் வரல. இனிமே கீமோவுக்குப் போகல."

திரும்பாமல்தான் சொன்னாள். எனக்குத் தெரிந்தது அவள் தொப்பியும் பிடரியும் மட்டும்.

"வாயைக் கழுவுடீ!" என்றேன். "தைப்பூசத்துக்கு நீயே நடந்து வந்து பால்குடம் எடுப்பேன்னு முருகனுக்கு நேந்திருக்கேன், தெரியுமில்ல?"

"முருகன்கிட்ட நீ பேசிக்க. டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன். ஈரலுக்குப் போயிருச்சாம். கீமோ போட்டா கொஞ்ச நாளு இழுக்கலாம், குணமாக்க முடியாதாம். அந்தக் கொஞ்ச நாளையும் வாந்தி எடுத்துக்கிட்டே கழிக்கணுமாக்கா?"

வெறி பிடித்தவள் மாதிரி துடுப்பை அடித்தேன். அவள் சும்மா இருக்க, நான் ஒருத்தி ஒரே பக்கமாக அடிக்க, கயாக் வளைந்து போய் வேர்களுக்குள் மூக்கை நுழைத்து நின்றுவிட்டது. வழிகாட்டி திரும்பிப் பார்த்து, உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவள் கையை ஆட்டினாள்.

"இத சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தியா?" என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "வீட்டுல சொன்னா என்ன?"

"வீட்டுல சொன்னா நீ சாவிய எடுத்துக்கிட்டுப் போயிருவே. இங்க எங்க போவே?"

அவள் சிரித்தாள். அழுதாளோ என்னவோ, எனக்கு முகம் தெரியவில்லை. எனக்கோ எழுந்து நடக்க வழியில்லை. நீந்தத் தெரியாதவள், இடுப்புவரை கயாக்கின் ஓட்டுக்குள் சொருகப்பட்டு, தங்கையின் பிடரியைப் பார்த்துக்கொண்டு ஓவென்று அழுதேன். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. அவள் அவசரப்படுத்தவில்லை. சேற்றில் மீன்கள் தத்திக்கொண்டிருந்தன. நீர்மட்டம் இறங்கி, ஈர வேர்கள் இன்னும் கொஞ்சம் வெளியே வந்திருந்தன.

பிறகு அவள் துடுப்பால் ஒரு வேரை உந்தினாள். நானும் உந்தினேன். கயாக் விலகி ஆற்றுக்கு வந்தது. அவள் இடது பக்கம் ஒன்று போட்டாள், மூச்சு வாங்கினாள், வலது பக்கம் ஒன்று போட்டாள். நான் அவள் கையைப் பார்த்துக் காத்திருந்து அதே மாதிரி போட்டேன். துறை தெரிகிற வரைக்கும் அப்படியே வந்தோம்.

"அப்ப நாளைக்கு உன்னைய எங்க கொண்டு போய் விடணும்?" என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கயும் வேணாம்க்கா" என்றாள். "நீ வீட்டுல இரு."