ஓரகத்தியைப் படம் எடுத்த நாள்

தஞ்சோங் பகார் பழைய ரயில் நிலையத்தைப் புதுப்பிக்கிறார்கள். மேலே வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அப்படியே இருக்கும், அடியில் எம்ஆர்டி ரயில் வரும். அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்களைப் படம் எடுத்து உள்ளே மாட்டப்போகிறார்களாம். எங்கள் குடும்பத்தில் படம் எடுக்கக் கூப்பிட்டது என் ஓரகத்தியை.

அந்த நிலையத்துச் சாப்பாட்டுக்கடையில் நான் பதினெட்டு வருஷம் நின்றேன். அவள் கடைசி இரண்டு வருஷம்தான். விசாரித்து வந்த போனை முதலில் எடுத்ததும் நான்தான். ஒரு பெண் தமிழில் மரியாதையாகத்தான் கேட்டாள். படம் எடுக்கணும் என்றதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. "எனக்கு அவ்வளவா தெரியாதும்மா, எங்க கொழுந்தனார் சம்சாரத்தைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

படம் எடுக்கிற அன்று ஓரகத்தி என்னைத் துணைக்கு வரச் சொன்னாள். மார்சிலிங்கிலிருந்து போனேன். பொங்கோலிலிருந்து அவள் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். வேலை நடக்கிற இடம் என்று மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். அதுகூட அவளுக்கு எடுப்பாக இருந்தது. எனக்குக் கொடுத்தது கண்வரை இறங்கியது.

கடை இருந்த மூலையில் நின்று அவள் பேசினாள். வண்டி கிளம்பும்போது ஓடிப்போய் ஜன்னலில் தேநீர் நீட்டியது, ஒரு கிழவர் மீதிச் சில்லறை வாங்காமலே போனது. எல்லாம் நான் அவளுக்குச் சொன்ன கதைகள். போன் பண்ணிய அந்தப் பெண் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் தேநீரும் கயிறும் கொண்டுவந்து, "ரயிலுக்குக் கட்டுற மாதிரி கட்டிக் காட்டுங்க ஆன்ட்டி, ஒரே ஒரு ஷாட்" என்றாள்.

ரயிலுக்குக் கட்டுவது வேறு. காற்றை அமுக்கி வெளியே விட்டு, வாயை இரண்டு முறுக்கு முறுக்கி, ஜன்னல் கொக்கியில் மாட்டக் கயிற்றில் நீளமாகக் கண்ணி விடவேண்டும். வண்டி ஆடினாலும் சிந்தாது. நானாகப் பழகிக்கொண்டது.

ஓரகத்தி சிரித்தாள். "கட்டுறதெல்லாம் அக்காதான். நான் எடுத்து நீட்டுனதோட சரி. வாங்கக்கா, காட்டுங்க."

கேமரா என் பக்கம் திரும்பியது. நான் ஏங்கியதே அதற்குத்தான். ஆனால் அவள் பார்த்துக் கொடுத்து நான் வாங்க வேண்டுமா என்று நெஞ்சு எரிந்தது.

"மறந்துபோச்சு" என்றேன்.

"அக்காவுக்கா மறக்கும்? வெக்கம் லா."

"பரவால்ல, நீங்களே கட்டிடுங்க ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண்.

ஓரகத்தி காற்றோடு சேர்த்துக் கட்டினாள். தூக்கிப் பிடித்ததும் பட்டுப்புடவையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், சொல்லவில்லை. அப்படியே படம் எடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து புடவையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "ஏங்க்கா மறந்துபோச்சுன்னீங்க?"

"உன் படம் நல்லா வரட்டும்னுதான்."

அவள் கண் கலங்கிவிட்டது. ரோடு தாண்டும்வரை என் கையை விடவில்லை. அவள் இப்படி நம்பாமல் இருந்திருக்கலாம்.