பஸ் வராத வாரமும் அத்தையின் தோட்டமும்

சித்திரையில் தொடங்கிய வெயில் அந்த வருஷம் புரட்டாசி பிறந்தும் எங்கள் கச்சிராயபாளையத்தை விட்டுப் போகவில்லை. அணையில் சேறு வெடித்துக் கிடந்தது. அப்பாவின் கரும்பே காய்ந்துவிட்டது. அந்தக் கோடையில்தான் அத்தை, மாமாவோடு ஏதோ மனஸ்தாபம் என்று எங்கள் வீட்டுக்கு வந்து, கொல்லையில் காய்கறித் தோட்டம் போட்டாள்.

"மனுசனுக்கே தண்ணியில்ல. உனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேல? மாப்ள வந்து கூப்ட்டா மரியாதையா கெளம்பு" என்றார் அப்பா.

அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்குப் போயிற்று. வேரில் சூடு ஏறாமலிருக்கக் கரும்பின் காய்ந்த இலைச் சோகையைப் பரப்பினாள். ஏழு வயதுக்காரியான என்னைக் கத்தரிப் பாத்தியில் நிற்கவைத்துத்தான் குளிப்பாட்டினாள். முதுகு தேய்க்கும்போதே, "கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நில்லுடி, வெண்டைக்குத் தண்ணி போவல" என்பாள்.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். ஒரு வாரம் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸும் இல்லை, காய்கறி லாரியும் இல்லை. எங்கள் கொல்லையிலோ கத்தரிச் செடிகள் பாரம் தாங்காமல் சாய்ந்து நின்றன. தெருவே படலைத் தள்ளிக்கொண்டு வந்தது. வேலையத்த வேலை என்று சிரித்த பெரியம்மாவும் முறத்தோடு வந்தாள். அத்தை யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அப்பா கத்தரிக்காய்க் குழம்பை மூன்றாம் முறையாக வாங்கிக்கொண்டு, தட்டைப் பார்த்தபடியே, "நல்லாத்தாம்மா இருக்குது" என்றார்.

மரங்களை அகற்றியதும் வந்த முதல் பஸ்ஸில் மாமா இறங்கினார். உட்காரக்கூட இல்லை.

"கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பீர்க்கங்கொடி இப்பதான் பூத்துக்கினு இருக்குதுங்க. நான் வந்துட்டா தண்ணி ஊத்த ஆளில்ல. நீங்க போங்க."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமினார். "அவ இங்கயே இருக்கட்டும் மாப்ள."

ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்து மாமாவை பஸ் ஏற்றிவிட்டு வந்த அத்தை, என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

எனக்குத்தான் கவலை. அந்தக் கொடி பட்டுப்போனால் அத்தை போய்விடுவாளே என்று, தினமும் யாருக்கும் தெரியாமல் அதற்கு மட்டும் இரண்டு செம்பு கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.